பத்து முறை விழுந்த குரங்கு

இந்த மாதிரிக் குறிப்புகளை ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு வயது முப்பத்திரண்டு. ஆனாலும் எட்டு வருடம் வேலை பார்த்த மீமிசல் பக்கத்துத் தொடக்கப் பள்ளியிலிருந்து மாறுதல் வாங்கி வந்துவிட்டதால், அந்த வகுப்பறையைப் பொறுத்தவரை நானும் ஓய்வு பெற்றவள்தான். அடுத்த வாரம் நீங்கள் பணியில் சேர்ந்ததும் உங்கள் கையில் டேப்லெட் கொடுப்பார்கள், நாங்கள் டேப் என்போம். எந்த இடத்தைத் தொட்டால் எது வரும் என்று இரண்டு நாள் பயிற்சியும் கொடுப்பார்கள். அதில் சொல்லாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் செய்த தப்பை நீங்களும் செய்துவிட்டு, "எங்களுக்கு யாரும் சொல்லல" என்று சொல்லக் கூடாது பாருங்கள்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை, பின்னால் தேவைப்படும். வல்லத்திராக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் வயல் வேலைக்குப் போகிறவர்கள். எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான்தான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது, "இதுக வீட்ல யாருக்கும் எழுத்து வாசனையே கெடையாது, இது எங்க படிக்கப்போவுது" என்று என் காதுபடச் சொன்ன டீச்சரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

எங்கள் பள்ளியில் இரண்டே ஆசிரியர்கள். தலைமையாசிரியை நான்கும் ஐந்தும் எடுப்பார். ஒன்று, இரண்டு, மூன்று எனக்கு. மூன்று வகுப்பும் ஒரே அறை, இருபத்து மூன்று பிள்ளைகள். ஒன்றாம் வகுப்புக்கு 'ட' போட்டுக் காட்டும்போது மூன்றாம் வகுப்பு சும்மா இருக்காது, ஜன்னல் கம்பியில் ஏறும். டேப் வருகிறது என்றதும் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இன்னொரு டீச்சரையே அனுப்பி வைத்த மாதிரி இருந்தது.

நாலு டேப் வந்தது. வந்த அன்றைக்கே தலைமையாசிரியை அவற்றைப் பூத்துவாலையில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். பிள்ளைகள் கையில் கொடுத்தால் உடைந்துபோகும், உடைந்தால் யார் பதில் சொல்வது என்பது அவர் கவலை. பாடம் நடத்தத்தானே கொடுத்திருக்கிறார்கள் என்றேன். "கொடுத்தாங்கம்மா. கொடுத்தவங்க ரிட்டயர்டு ஆயிருவாங்க. ரிஜிஸ்டர் இருக்கும்ல" என்றார். சாவியை வாங்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் ஒரு டேப் சார்ஜ் ஏறாமல் செத்துவிட்டது, துவாலைக்குள்ளேயே. நெட்வொர்க் தண்ணித் தொட்டிப் பக்கம் போனால்தான் வரும். இதையெல்லாம் விரித்துச் சொல்லவில்லை. உங்களுக்கும் இதெல்லாம் நடக்கும், நீங்களே சமாளித்துக்கொள்வீர்கள்.

அதில் ஒரு வாசிப்பு ஆப் இருந்தது. ஒரு சொல் வரும், கீழே நாலு படம். சொல்லைப் படித்துவிட்டுச் சரியான படத்தைத் தொட வேண்டும். தொட்டால் இரண்டு பூ விரிந்து கைதட்டல் கேட்கும். தப்பாகத் தொட்டால் ஓரத்தில் தென்னை மரத்தில் உட்கார்ந்திருக்கும் குரங்கு வழுக்கிக்கொண்டு வந்து சேற்றில் 'தொப்'பென்று விழும். எழுந்து பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு, நம்மை ஒரு முறை முறைத்துவிட்டு மறுபடி மரமேறும். ஒரு ஆட்டத்துக்குப் பத்துச் சொல். முடிந்ததும் மதிப்பெண் தானாகவே வட்டார மையத்துக்குப் போய்விடும்.

முதல் நாளிலிருந்தே வகுப்பு கலகலத்தது. நான் ஒரு பக்கம் ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக்கொண்டிருப்பேன். மூலையில் டேப்பைச் சுற்றிக் குவிந்திருக்கும் கும்பலிலிருந்து விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் வரும். மணி அடித்தாலும் எழுந்து போக மாட்டார்கள். காலையில் எனக்கு முன்னால் வந்து நின்று, "டீச்சர், டேப்பு?" என்பார்கள். மாத அறிக்கையில் 'மாணவர்கள் மிகுந்த ஆர்வத்துடன் கற்கின்றனர்' என்று எழுதினேன். சிரிக்கும் முகங்களை வீடியோ எடுத்து ஆசிரியர் குழுவில் போட்டேன். கட்டை விரல் கட்டை விரலாக வந்து குவிந்தது. அடுத்த கூட்டத்தில் என்னை எழுந்து பேசச் சொன்னார்கள். ஆர்வமூட்டுவது எப்படி என்று பத்து நிமிடம் பேசினேன். அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

ஒரே ஒரு ஆள் மட்டும் என்னிடம் வேறு மாதிரிச் சொன்னார், எங்கள் சத்துணவு சமைக்கும் அக்கா. அடுப்படி ஜன்னல் என் வகுப்பைப் பார்த்துத்தான் இருக்கும். ஒரு நாள் முட்டையை எண்ணிக்கொண்டே, "கொரங்கு விழுந்தாத்தான் டீச்சர் சிரிக்குதுக. கை தட்டுனா உச்சுக் கொட்டுதுக" என்றார். நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். சமைக்கிறவருக்குக் கற்பித்தல் முறை என்ன தெரியும் என்று மனசுக்குள் நினைத்தேன். நினைத்ததை மறைக்காமல் இங்கே எழுதுகிறேன்.

ரித்திகா அந்த ஜூன் மாதம்தான் எங்கள் பள்ளியில் சேர்ந்திருந்தாள், மூன்றாம் வகுப்பு. அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா மீன் இறங்குதளத்தில் மீனையும் நண்டையும் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறவர். வேறு ஊரிலிருந்து வந்தவள் என்பதால் பிள்ளைகள் அவளை விளையாட்டில் சேர்க்கவில்லை. பேச்சு வெளியே வராது. சேர்ந்த அன்றைக்குப் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. 'வாசிக்கவில்லை' என்று மனசில் குறித்துக்கொண்டேன். அவ்வளவுதான் நான் செய்த சோதனை.

டேப் வந்த பிறகு அவள் மதிப்பெண் பூஜ்யம். அடுத்த வாரம் பூஜ்யம். அதற்கடுத்த வாரமும் பூஜ்யம். மற்றவர்கள் மூன்று, நாலு, ஆறு என்று ஏதாவது எடுத்தார்கள். நான் அவளை எழுப்பி ஒன்றாம் வகுப்புப் பாயில் உட்கார வைத்தேன். மறுப்புச் சொல்லாமல் போய் உட்கார்ந்து, பொடிசுகளோடு சேர்ந்து மணலில் 'அ' எழுதினாள்.

தொடர்ந்து மூன்று வாரம் பூஜ்யம் வந்தால் ஆப் உங்களிடம் ஒரு கேள்வி கேட்கும்: 'இந்த மாணவரைச் சிறப்பு மதிப்பீட்டுக்குப் பரிந்துரைக்கிறீர்களா?' கீழே 'ஆம்' என்று ஒரு பொத்தான், 'பிறகு' என்று ஒரு பொத்தான். 'இல்லை' கிடையாது. இதை யார் யோசித்து வைத்தார்களோ, அவர்கள் ஒரு நாள் என் வகுப்பில் வந்து உட்கார வேண்டும். நாலு நாள் 'பிறகு' என்று அமுக்கினேன். மறுநாள் காலை மறுபடி வந்து நிற்கும். ஐந்தாம் நாள் வருகைப் பதிவே போட விடாமல் அந்தக் கேள்வி திரையை அடைத்துக்கொண்டது. வருகைப் பதிவு நேரத்துக்குப் போகாவிட்டால் தலைமையாசிரியைக்குப் போன் வரும். அவர் வாசலில் நின்று, "போட்டாச்சாம்மா, போட்டாச்சாம்மா" என்கிறார். இரண்டாம் வகுப்பில் ஒருத்தி வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறாள். 'ஆம்' என்று அமுக்கினேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவசரத்தில் அமுக்கினேன் என்பது உண்மை. ஆனால் முழு உண்மை அதுவல்ல. அந்தப் பிள்ளையின் அம்மா பள்ளிக்கூடப் படி ஏறாதவர் என்பது எனக்குத் தெரியும். அதனால் பூஜ்யத்தை நம்ப எனக்குக் கஷ்டமாக இல்லை. நான் மன்னிக்காமல் வைத்திருக்கும் டீச்சர் சொன்னதைத்தான் நானும் செய்தேன், வாயைத் திறக்காமல்.

இரண்டு வாரத்தில் ஒரு சீட்டு வந்தது. புதுக்கோட்டையில் நடக்கும் முகாமுக்குக் குழந்தையைக் கூட்டி வரச் சொல்லி அம்மாவுக்கு எழுதியிருந்தது. மற்ற பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாதென்று மடித்து, பின் அடித்து, ரித்திகாவின் பையில் வைத்து அனுப்பினேன்.

முகாமுக்கு முதல் நாள் காலை, வட்டார மையத்திலிருந்து ஒரு சார் வந்தார். என் வகுப்பைப் படம் பிடித்து மற்ற பள்ளிகளுக்குக் காட்டப்போகிறார்களாம். என் பத்து நிமிடப் பேச்சின் பலன். தலைமையாசிரியை புதுச் சேலை கட்டி வந்திருந்தார். சார் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தொடங்கும் நேரத்தில், ரித்திகாவின் அம்மா வாசலில் வந்து நின்றார். இறங்குதளத்திலிருந்து நேராக வந்திருக்கிறார், சேலை முந்தானை ஈரம். இடுப்பில் கைக்குழந்தை, ஒரு கையில் அந்தச் சீட்டு, மறு கையில் ரித்திகாவின் மணிக்கட்டு.

சார் இருக்கிறாரே என்று நான் வெளியே வந்து மெதுவாகப் பேசினேன். அந்த அம்மா மெதுவாகப் பேசவில்லை. சத்தம் போடவும் இல்லை. ஏலம் போடும் இடத்தில் கணக்கு எழுதுகிறவரிடம் சீட்டைக் கொடுத்துப் படிக்கச் சொன்னாராம். அவர் நாலு பேர் முன்னால் சத்தமாகப் படித்துவிட்டாராம்.

"இவள்ட்ட காட்டுனீங்களா?" என்று ஏனோ கேட்டேன்.

"இவள்ட்ட காட்டி? இவளுக்கு என்ன தெரியப்போவுது" என்றார். "படிப்பு ஏறாத புள்ளைய ஒக்கார வச்சு ஏன் டீச்சர் கஷ்டப்படுத்தணும்? தம்பிக்காரனுக்கு ஒன்ற வயசு. இவ அவனப் பாத்துக்கிட்டா நான் கூட ரெண்டு பொட்டி தரம் பிரிப்பேன். நாளையிலேருந்து அனுப்பல. சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்."

உள்ளே இருந்து சார், "மேடம், வரீங்களா" என்றார். என்ன செய்வது என்று தெரியாமல், ஐந்து நிமிடம் இருங்கள் என்று அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டுவிட்டு உள்ளே போனேன்.

ஒன்றாம் வகுப்புச் சின்னவள் ஒருத்தி டேப்பை மடியில் வைத்துத் தொட்டாள். சரியான படம். பூ விரிந்து கைதட்டல் கேட்டது. வகுப்பே சேர்ந்து "ச்சே" என்றது.

டேப்பைப் பிள்ளைகள் கையில் கொடுத்து எட்டு வாரம், நானும் அந்த வகுப்பில்தான் இருக்கிறேன். அந்த "ச்சே"யை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். கூடவே அடுப்படி அக்கா முட்டை எண்ணிக்கொண்டே சொன்னதும் ஞாபகம் வந்தது. சின்னவள் அடுத்ததைத் தொட்டாள். குரங்கு விழுந்தது. வகுப்பு சிரித்தது. சார் போனைக் கீழே இறக்கி, "என்ன மேடம், தப்பாப் போட்டா சிரிக்கிறாங்க?" என்றார்.

அவருக்கு நான் பதில் சொல்வதற்குள் சின்னவள் டேப்பைத் தூக்கி வாசல் பக்கம் நீட்டினாள். "எனக்கு வர மாட்டேங்குது டீச்சர். ரித்திகாக்காட்ட குடுங்க. அது பத்தையும் விழ வச்சிரும்."

ரித்திகாவைக் கூப்பிட்டேன். அம்மா கையை விட்டார். அவள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு சொல்லையும் ஒரு கணம் பார்ப்பாள், பிறகு தொடுவாள். தொப். தொப். தொப். பத்து முறையும் குரங்கு சேற்றில் விழுந்தது. பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

சார் என் காதருகே வந்து, "பத்துக்குப் பூஜ்யம். இதையா மாதிரி வகுப்புன்னு காட்டுறது?" என்றார்.

"சார், கொஞ்சம் இருங்க" என்றேன். நாலு படத்தில் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால்கூடப் பத்துக்கு இரண்டு மூன்று சரியாக விழுந்துவிடும். அந்தச் சின்னவளுக்கு அப்படித்தான் விழுகிறது. பத்தும் தப்பாக வர வேண்டுமென்றால்?

"எப்படிம்மா பத்தும் விழ வைக்கிற?"

இது ஒரு கேள்வியா என்பது போல என்னைப் பார்த்தாள். "சரியான படம் எதுன்னு மொதல்ல பாத்துக்கணும் டீச்சர். அத மட்டும் தொடக் கூடாது."

"ஏன் தொடக் கூடாது?"

"பூ வந்தா யாரும் சிரிக்க மாட்டாங்க."

யாரும் விளையாட்டில் சேர்க்காத பள்ளியில் ஒரு பிள்ளை தனக்கு ஒரு இடம் பிடித்திருக்கிறாள். நான் அதைப் பூஜ்யம் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.

வாசலுக்குப் போய் அவள் அம்மாவின் கையிலிருந்த சீட்டை வாங்கினேன். வேறு எதையாவது படிக்கச் சொல்லியிருக்கலாம், சுவரில் எவ்வளவோ ஒட்டியிருந்தது. அந்த நேரத்தில் எனக்கு அந்தச் சீட்டுத்தான் தோன்றியது. சரியா தப்பா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அவளிடம் கொடுத்து, "சத்தமாப் படி, அம்மாவுக்குக் கேக்கட்டும்" என்றேன்.

விரல் வைத்துப் படித்தாள். "தங்கள் குழந்தை எழுத்துகளை அறிவதிலும் வாசிப்பதிலும் மிகவும் பின்தங்கி உள்ளதால், புதுக்கோட்டையில் நடைபெறும் சிறப்பு ம... மதி... மதிப்பீட்டு முகாமுக்குத் தவறாமல் அழைத்து வரவும்." அந்த ஒரு சொல்லில்தான் தடுக்கியது. அதைத் தானே உடைத்துச் சேர்த்துக்கொண்டாள். பிள்ளைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குரங்குகூட மரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது.

அவள் அம்மா கைக்குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றினார். "இதுலயா எழுதியிருக்கு, இவளுக்குப் படிக்கத் தெரியாதுன்னு?"

நான் தலையாட்டினேன்.

"கரையில நிக்கிற போட்டுல எழுதியிருக்கிற பேரெல்லாம் சொல்லிக்கிட்டே வருவா டீச்சர். யாராச்சும் சொல்லக் கேட்டு வச்சிருப்பான்னு நெனச்சேன். படிச்சவங்க நீங்க சொல்றீங்க, வராதுன்னு. நான் என் காத நம்பாம ஒங்கள நம்புனேன்." மகள் கையிலிருந்து சீட்டை வாங்கிக்கொண்டார். "இத்தன நாள்ல ஒரு தடவகூட இவள வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேக்கலையா நீங்க?"

சேர்ந்த அன்றைக்குச் சொன்னேன், மணி அடித்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. "கேக்கலங்க" என்றேன். சாரும் தலைமையாசிரியையும் பக்கத்தில் நிற்க, இருபத்து மூன்று பிள்ளைகள் பார்க்க, அதைச் சொன்னேன். உங்களுக்கும் ஒரு நாள் அப்படி ஒரு வார்த்தை சொல்ல வேண்டிவரும். அப்போது ஆப்பையும் நெட்வொர்க்கையும் இழுக்காதீர்கள்.

அந்த அம்மா மகளின் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, "போ, போயி ஒக்காரு" என்றார் மகளிடம். ரித்திகா ஒன்றாம் வகுப்புப் பாயை நோக்கி நடந்தாள். நான் அவள் தோளைப் பிடித்து மூன்றாம் வகுப்புப் பக்கம் திருப்பிவிட்டேன்.

இங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பட்டியலிலிருந்து பெயரை எடுக்கலாம் என்று டேப்பைத் திறந்தால், 'பரிந்துரை அனுப்பப்பட்டது, திருத்த இயலாது' என்கிறது. சாரைப் பார்த்தேன். கெட்டவரல்ல, அவரும் வெலவெலத்துத்தான் போயிருந்தார். "முகாம்ல பாத்துட்டு ஒரு சீட்டு குடுப்பாங்க மேடம். அத ஏத்துனாத்தான் பேரு போகும். சிஸ்டம் அப்படி" என்றார். படிக்கத் தெரிந்த பிள்ளையை, படிக்கத் தெரியும் என்று எழுதி வாங்குவதற்காகப் புதுக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் குரங்கோடு நானும் சேர்ந்து விழுந்திருப்பேன்.

டேப்பை நான் தூக்கிப் போடவில்லை. நீங்களும் போட வேண்டாம். மூன்று வகுப்பை ஒரே அறையில் வைத்துக்கொண்டு வந்த உதவியை வேண்டாம் என்று சொல்ல நமக்கு வசதியில்லை. அன்றிலிருந்து செய்தது ஒன்றுதான். காலையில் டேப்பைக் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையும் என் பக்கத்தில் வந்து நாலு வரி வாய்விட்டுப் படித்துவிட்டுப் போக வேண்டும். இருபத்து மூன்று பேர், அரை மணிக்கு மேல் ஆகும். அறிக்கையில் அதற்கு இடம் கிடையாது. கைதட்டலுக்கும் சிரிக்கிற மாதிரி ஏதாவது வையுங்கள் என்று ஆப் ஆட்களுக்கு மூன்று தடவை எழுதினேன். அடுத்த பதிப்பில் குரங்குக்குத் தொப்பி போட்டு அனுப்பினார்கள். பிள்ளைகள் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். பிறகு நானே ஒரு வழி செய்தேன். பத்தையும் விழ வைக்கிறவர் எழுந்து நின்று பத்துக்கும் சரியான பதிலைச் சொல்ல வேண்டும். வகுப்பில் அதற்குப் போட்டி. வட்டார மையத்துக்கு மட்டும் பூஜ்யம் பூஜ்யமாகப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு விளக்கம் கேட்டு வந்த கடிதங்கள் என்னிடம் ஒரு கட்டு இருக்கின்றன.

ரித்திகா சீட்டைப் படித்ததற்கு மறுநாள், முகாம் அன்றைக்கு, விடுப்புப் போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் அவர்களோடு நானும் போனேன். வர வேண்டாம் என்று அந்த அம்மா சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் கைக்குழந்தையை என் மடியில் கொடுத்துவிட்டு அவர் தூங்கிவிட்டார். ரித்திகா ஜன்னலோரம் உட்கார்ந்து கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தாள். அறந்தாங்கி தாண்டும் வரை வாய் மூடவில்லை.

முகாமில் கூட்டம். மேசையில் இருந்த பெண் ஒரு படிவத்தை நீட்டி, "பேரண்ட்ஸ் ஃபில் பண்ணிக் குடுங்க" என்றார். நான் பேனாவை எடுத்தேன். அம்மா என் கையிலிருந்து பேனாவை வாங்கி மகளிடம் கொடுத்தார். மேசைக்கு அந்தப் பிள்ளை எட்டவில்லை. பெஞ்சில் முட்டிபோட்டு எழுதினாள். பெயர். வகுப்பு. ஊர். அப்பா பெயர். அம்மா பெயர். ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் எழுதினாள், அம்மாவுக்குக் கேட்க வேண்டுமாம்.

கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினாள். "குழந்தைக்கு வாசிக்கத் தெரியவில்லை என்பதை முதலில் கண்டறிந்தவர் பெயர்" என்று படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஒங்க பேரையா டீச்சர்?"

"ஆமாம்மா."

"முழுப் பேரையும் எழுதுடி" என்றார் அம்மா, குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டே. "இனிஷியலோட."

எழுதினாள். நான் ஒரு நாளும் அவளுக்கு எழுதிக் காட்டாத பெயர். இனிஷியலுக்குப் பக்கத்தில் புள்ளிகூட வைத்திருந்தாள்.